நுணுக்குக்காட்டியா, கரையோர அறையா?

கேள்வி: முல்லைத்தீவில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். பழைய மாணவர்கள் கொஞ்சக் காசு அனுப்பியிருக்கிறார்கள். நல்ல நுணுக்குக்காட்டி வாங்குவதா, நந்திக்கடல் களப்பின் ஓரம் சிறிய ஆய்வறை போடுவதா? அப்படி அறை போட்டு என்ன பிரயோசனம்?

பதில்: அறையைப் போடுங்கள், ரீச்சர். மீன்வாடி அளவில் ஒன்று போதும். நுணுக்குக்காட்டியைப் பாடசாலையிலேயே வைத்திருங்கள். கரையோர அறை ஒன்றில் நாங்கள் வைத்த நுணுக்குக்காட்டியின் வில்லையில் ஒரே மாரியில் பூஞ்சணம் பிடித்துவிட்டது.

பிரயோசனத்துக்கு ஒரு பழைய உதாரணம் சொல்கிறேன். 1872இல் ஜேர்மனிய விலங்கியலாளரான அன்ரன் டோர்ன், குடும்பப் பணத்தையும் போட்டு, இத்தாலியின் நேப்பிள்ஸ் கரையில் ஆய்வு நிலையம் கட்டத் தொடங்கினார். அங்கே மேசைகளை வாடகைக்கு விட்டார். ஒரு நாட்டு அரசோ பல்கலைக்கழகமோ ஆண்டுக் கட்டணம் கட்டினால், அது அனுப்பும் ஆய்வாளருக்கு மேசை, கடல்நீர்த் தொட்டி, நூலகம், அன்றன்று பிடித்த பிராணிகள் எல்லாம் கிடைக்கும். கீழ்த்தளத்து மீன் காட்சிச்சாலையின் ரிக்கெற் காசும் ஆய்வுக்கே போனது.

பிராணி உயிரோடு கைக்கு வருவதில்தான் எல்லாம் இருக்கிறது. போமலினில் ஊறிய முட்டை பிரியாது. கலவட்டப் பாடத்தில் வருகிற, கலப்பிரிவை நடத்தும் ‘சைக்கிளின்’ (cyclin) என்ற புரதத்தை ஆங்கிலேய ஆய்வாளர் ரிம் ஹன்ற் 1982இல் அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் கடற்கரை நிலையத்தில், கடல் முள்ளெலி முட்டைகளில்தான் கண்டார். 2001இல் நோபல் கிடைத்தது.

எங்கள் பக்கமும் ஆட்கள் வந்தார்கள். மன்னார் முத்துப்பார்களைப் பார்க்க 1902இல் ஆங்கிலக் கடல் உயிரியலாளர் வில்லியம் ஹேர்ட்மன் வந்தார், கூட ஜேம்ஸ் ஹோர்னெல். முத்தில் வருமானம் இருந்தது, அதனால் அரசுக்கும் அக்கறை இருந்தது.

எனக்குப் பெரிதாகப் படுவது இங்கிலாந்தின் பிளைமவுத் கடலாய்வு நிலையத்துக்காரரின் அளவுக் கொப்பிதான். ஆங்கிலக் கால்வாயில் ஒரே இடத்துக்கு 1903 முதல், இடையிடையே விட்டாலும், போய்ப் போய் அளக்கிறார்கள். பிள்ளைகளும் அதைச் செய்யலாம். களப்பின் மேல் போகிற வட்டுவாகல் பாலத்தடியில் கிழமைக்கு இரண்டு நாள், ஒரே நேரத்தில், நீரின் வெப்பநிலையும் உவர்ப்பும் எடுக்கட்டும். கையடக்க உவர்ப்புமானியின் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, மூடியைச் சாத்தி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், நீலமும் வெள்ளையும் முட்டுகிற கோடுதான் அளவு. திறந்த கடலில் ஆயிரத்துக்கு 35 அளவில் நிற்கும். மாரி வெள்ளம் களப்பில் நிரம்பினால் நன்றாக இறங்கும், முகத்துவாரம் வெட்டிக் கடல் உள்ளே வந்தால் ஏறும். வெட்டிய நாளையும், அன்று இறால் எப்படிப் பட்டது என்று தொழிலாளர்களைக் கேட்டும் குறிக்க வேண்டும்.

கொப்பியில் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். பேனை மை உப்பு ஈரத்தில் ஊறிவிடும்.