கேஸ் ஷீட் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: என் தந்தைக்குத் தனியார் மருத்துவமனையில் இதய அறுவை சிகிச்சை நடந்து இரண்டு வருடம் பத்து மாதம் ஆகிறது. வேறு மருத்துவரிடம் காட்ட, சிகிச்சை விவரங்களை எழுதிவைத்திருக்கும் கேஸ் ஷீட்டைக் கேட்டால், "அது எங்கள் சொத்து" என்கிறார்கள். பணம் கொடுத்தால் எடுத்துத் தருவதாக வெளியே ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அவர் கொண்டுவருவது திருட்டுத்தனமாக எடுத்த செல்போன் படமாக இருக்கும். முத்திரை இருக்காது, பாதிப் பக்கம் இருக்காது. நாளை வழக்கு என்று வந்தால் அதை வைத்து எதையும் நிரூபிப்பது கடினம். அதைவிட மோசம், "கிளெய்ம் வாங்கித் தருகிறேன்" என்று வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்பவர்கள். போடவே போடாதீர்கள்.

தாள் மருத்துவமனையுடையதுதான். ஆனால் நகல் பெறுவது உங்கள் தந்தையின் உரிமை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். விதி வந்து இருபது வருடத்துக்கு மேலாகியும் கவுண்டரில் "அடுத்த வாரம் வாருங்கள்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது.

உங்களுக்கு அவசரம் இருக்கிறது. உள்நோயாளியின் பதிவேட்டை மூன்று வருடம் வைத்திருந்தால் போதும். அந்தக் கணக்கு வீடு திரும்பிய நாளிலிருந்து அல்ல, சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மகன் என்பதாலேயே உங்களிடம் கொடுத்துவிட மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. அண்ணனுக்குப் புத்தி சரியில்லை என்று காட்டி நிலத்தை எழுதி வாங்க, அவருடைய கேஸ் ஷீட்டைக் கேட்டு வந்த தம்பியை நான் பார்த்திருக்கிறேன். உடன்பிறந்தவர்தான், ரேஷன் கார்டுகூடக் கையில் இருந்தது. ஆகவே "என் மகனிடம் நகலைக் கொடுக்கவும்" என்று தந்தையே எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும்.

அதில் வெறுமனே "ரெக்கார்டுகள்" என்று எழுதினால், வீடு திரும்பும்போது தரும் சுருக்கமான டிஸ்சார்ஜ் சம்மரியை நீட்டி அனுப்பிவிடுவார்கள். அறுவை சிகிச்சைக் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, நர்ஸ்கள் எழுதிய சார்ட், ஆஞ்சியோகிராம் சிடி என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். விதி மருத்துவரைத்தான் கட்டுப்படுத்துகிறது. அதனால் நிர்வாகத்தோடு, அறுவை செய்தவர் பெயருக்கும் கடிதம் போகட்டும். இன்னொரு பிரதியில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 72 மணி நேரம் தாண்டினால், அந்த ரசீதோடு மருத்துவர் பதிவு செய்துள்ள மாநில மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதுங்கள்.

நகல் கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகராமல் பக்க எண்களைச் சரிபாருங்கள்.