‘போல்’ வந்தால் உவமைதானே? – பதில்

சிலப்பதிகாரத்தின் ‘போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி, வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட’ என்ற அடிகளில் ‘போல்’ தெளிவாக இருக்கிறதே, ஏன் உவமையணி இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ‘போல்’ போன்ற உவம உருபைத் (ஒப்புமையைக் காட்டும் சொல்லை) தேடி அணியைச் சொல்லப் பழகியவர்கள் எல்லோரும் இங்கே தடுக்கி விழுகிறார்கள்.

‘போல்’ என்ற சொல்லைச் சற்று மறந்துவிட்டு, கொடி எதனோடு ஒப்பிடப்படுகிறது என்று பாருங்கள். கை அசைப்பது போன்ற தோற்றம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அடிகளின் உயிர் அதில் இல்லை. மதிற்கொடி அசையக் காரணம் காற்று. அந்தக் காரணத்தை ஒதுக்கிவிட்டு, மதுரையை நெருங்கும் கோவலனையும் கண்ணகியையும் ‘வராதீர்கள்’ என்று தடுப்பதாகத் தம் எண்ணத்தைக் கொடியின்மேல் ஏற்றுகிறார் இளங்கோ. இயல்பாக நடப்பதற்குக் கவிஞர் வேறு காரணம் கற்பித்தால் அது தற்குறிப்பேற்ற அணி. இங்கே ‘போல்’ அந்தக் கற்பனையைத்தான் சுட்டுகிறது.

சிலப்பதிகாரத்தின் இதே காதையில் (பகுதியில்) சற்று முன்னால் வையை ஆறு வரும். கண்ணகிக்கு நேரப்போவதை அறிந்தவள்போல் மலராடை போர்த்துக் கண்ணீரை மறைக்கிறாள். அங்கும் ‘போல்’ உண்டு, அங்கும் இதே அணிதான்.

மறுபக்கமும் இருக்கிறது. ‘அகர முதல எழுத்தெல்லாம்’ குறளில் உருபே கிடையாது. ஆனாலும் எழுத்துக்கு அகரம், உலகுக்கு ஆதிபகவன் என்ற ஒப்புமை இருப்பதால் அது எடுத்துக்காட்டு உவமையணி. தேர்வில் உருபை மட்டும் நம்பி எழுதாதீர்கள்.