‘மைசெல்ஃப்’ ஏன் தப்பாச்சு? பாளையங்கோட்டை நண்பருக்கு

வங்கித் தேர்வு மாதிரித்தாள்ல ‘தி மேனேஜர் கால்டு மை பிரதர் அண்ட் மைசெல்ஃப்’னு எழுதினதுக்கு ஏன் மார்க் போச்சுன்னு கேட்டிருந்தீங்க. அது தப்புதான். ‘மை பிரதர் அண்ட் மீ’ன்னு எழுதுங்க. கூப்பிட்டது மேனேஜர், நீங்க இல்ல. செய்றவரும் அந்தச் செயலுக்கு ஆளாகிறவரும் ஒருத்தரா இருந்தாத்தான் இந்த இடத்துல ‘செல்ஃப்’ வரும். ‘ஐ கட் மைசெல்ஃப்’ன்னா என்னை நானே வெட்டிக்கிட்டேன்.

இந்தத் தப்பு வரக் காரணம், நம்ம திருநெல்வேலிப் பக்கம் இன்டர்வியூன்னாலே ‘மைசெல்ஃப் இன்னார், ஃப்ரம் பாளையங்கோட்டை’ன்னு சொல்லிப் பழகிட்டோம். ‘மீ’ மரியாதைக் குறைவுன்னு ஒரு நினைப்பு வேற. அப்படி இல்லவே இல்ல. இன்டர்வியூலயும் ‘ஐ ஆம்’ போதும்.

சந்தேகம் வந்தா, கூட இருக்கிற ஆளை எடுத்துட்டு வாசிங்க. ‘தி மேனேஜர் கால்டு மைசெல்ஃப்’ நிக்காது, ‘கால்டு மீ’ நிக்கும்.

ரெண்டு இடத்துல கவனம். ‘ஐ மைசெல்ஃப் குக்டு இட்’ சரிதான். அது நம்ம ‘நானே’ மாதிரி அழுத்தம், எடுத்துட்டாலும் வாக்கியம் முழுசா இருக்கும். ஆனா ‘ஷி டுக் தி பேக் வித் ஹர்’ (பையைத் தன்னோடு எடுத்துட்டுப் போனா) அப்படியே சரி. தமிழ்ல ‘தன்னோடு’ன்னு வர்றதால ‘ஹர்செல்ஃப்’ போடத் தோணும், போடாதீங்க.