பத்து நிமிடக் கோயில்

அன்புள்ள ஐயா,

மேற்கிந்தியத் தீவான டிரினிடாடில், கூவாவில் இரண்டு வருடமாக இருக்கிறோம். போன ஞாயிறு குடும்பத்தோடு சுற்றக் கிளம்பினோம். காரப்பிசைமாவில் 85 அடி அனுமார், வாட்டர்லூ கடல் கோயில், லா பிரேயா தார் ஏரி, சாயங்காலம் கரோனி சதுப்பில் படகு. அனுமார் பிரமாதம். கடல் கோயிலில் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை, பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டோம். தெருவில் விற்பதை நம்ப முடியாது என்று புளியோதரை கட்டிக்கொண்டு போயிருந்தோம். திரும்பும்போது பிள்ளைகள் ஒரே சண்டை, மனைவி பேசவே இல்லை. என் கேள்வி இதுதான்: மகள் ஆறாம் வகுப்புக்குப் போகுமுன் ஊர் திரும்பிவிடலாமா? இங்கேயே வளர்ந்தால் நம் பண்பாடு மறந்துபோகாதா?

ர.

அன்புள்ள ர.,

ஊர் திரும்புவதைப் பற்றி என்னை ஏன் கேட்கிறீர்கள்? பக்கத்து சீட்டில் பேசாமல் உட்கார்ந்து வந்தாரே, அவரைக் கேளுங்கள். ஒரே நாளில் நாலு இடம் என்று திட்டம் போட்டது அவராக இருக்காது என்று தோன்றுகிறது. தார் ஏரிக்குப் போனது சரி, உச்சிவெயிலில் போனது தப்பு. வெயிலேற ஏற அங்கே தார் இளகும். என் மகளின் இடதுகால் செருப்பு இன்னும் அந்த நூறு ஏக்கரில் எங்கோ கிடக்கிறது.

நானும் மூன்று வருடம் அங்கே இருந்தவன். உங்கள் கடிதம் வருவதற்கு நாலு நாள் முன்புதான் அலமாரியைக் கிளறும்போது அப்பாவின் போட்டோ ஒன்று கிடைத்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாட்டர்லூ கரையில், கணுக்கால்வரை சேற்றில் நிற்கிறார். அதை மேஜைமேல் வைத்துக்கொண்டிருக்கிற நேரத்தில் ‘பார்க்க ஒன்றுமில்லை’ என்று எழுதுகிறீர்கள். கோபம் வருமா வராதா?

அந்தக் கோயிலைக் கட்டியவர் பெயர் சிவ்தாஸ் சாது. கரும்புத் தோட்டத்துக் கூலி. முதலில் 1947இல் கரையிலேதான் ஒரு சின்னக் கோயில் கட்டினார். நிலம் கரும்புக் கம்பெனிக்குச் சொந்தம். 1952இல் இடித்துத் தள்ளினார்கள். அவருக்கு அபராதம், 14 நாள் சிறை. வெளியே வந்தவர் என்ன செய்தார்? நிலத்தில் கட்டினால்தானே இடிப்பீர்கள் என்று கடலுக்குள் இறங்கிவிட்டார். கடல் உள்வாங்கும்போது சேற்றில் கல்லைக் கொட்டுவது, ஏறும்போது கரைக்கு வருவது. சைக்கிளில் வாளியைக் கட்டிக் கல்லும் சிமென்டும் கொண்டுபோனார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை சார், வருடக்கணக்காக. கடலுக்குள் நீள்கிற பாதையில் நடந்தீர்களே, அந்த மாதிரிப் பாதைக்கு முதல் கல் போட்டது அந்தச் சைக்கிள்தான். இன்றைக்கு நிற்கிற கட்டடம் 1995 வாக்கில், இந்தியாவிலிருந்து கூலிகளோடு முதல் கப்பல் வந்து 150 வருடம் ஆனதையொட்டி எடுத்துக் கட்டியது.

85 அடியை அண்ணாந்து பார்த்துப் பிரமாதம் என்கிறீர்கள். நானும் கும்பிட்டிருக்கிறேன், அனுமார்மேல் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஆனால் வாளி வாளியாகக் கொட்டியதைப் பார்க்கப் பத்து நிமிடம் எப்படிப் போதும்? உங்கள் பெண்ணிடம் இந்தக் கதையையாவது சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். படகுக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்தியிருப்பீர்கள்.

அப்பா அங்கே மூன்று மணிநேரம் நின்றார். நாங்கள் போனபோது கடல் உள்வாங்கியிருந்தது. மூங்கில் கழிகளில் வெளுத்துப்போன சிவப்புக் கொடிகள், ஜண்டி என்பார்கள், படபடத்துக்கொண்டிருந்தன. பக்கத்துச் சுடுகாட்டில் யாரையோ எரித்து முடித்திருந்தார்கள். நீங்கள் காசு கொடுத்துப் படகேறிப் பார்த்தீர்களே செவ்விறகுப் பறவை, அதில் ஏழெட்டு சேற்றில் அலகை விட்டு நண்டு தேடிக்கொண்டிருந்தன. அந்த நண்டையும் இறாலையும் தின்றுதான் அதற்கு அந்தச் சிவப்பு. அப்பா ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி இருந்த மாதிரியே வைத்தார். கொத்தனார் வேலை பார்த்தவர். ‘அடியில சேறுடா. போடப் போட உள்ள வாங்கியிருக்கும். எத்தன கல்லு முழுங்குச்சோ’ என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. கடல் ஏறி முழங்காலுக்கு வந்தபிறகுதான் கரையேறினார்.

பண்பாடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1845இலிருந்து 1917வரை கப்பலேறி வந்தவர்களின் பேரன் பேத்திகள் ஊர் அது. வீட்டில் பேசிய போஜ்புரி போய்விட்டது, கொடி நட மறக்கவில்லை. உங்கள் மகளைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம்.

புளியோதரை விஷயத்தில்தான் உங்களை மன்னிக்க முடியவில்லை. அங்கே தெருவில் விற்கிற டபுள்ஸ் இருக்கிறதே: மஞ்சள் போட்டுப் பிசைந்து பொரித்த இரண்டு பாரா ரொட்டி, நடுவில் கொண்டைக்கடலைக் கறி, மேலே புளிச்சட்னி, குச்சேலா என்கிற மாங்காய் ஊறுகாய். டபுள்ஸ் விற்கிற இடத்தில் அதிகாலையிலேயே நிற்கிற கூட்டமெல்லாம் வயிற்றைக் கெடுத்துக்கொள்ளவா நிற்கிறது? அடுத்த ஞாயிறு ஒரே இடம் போங்கள். கடல் எப்போது உள்வாங்கும் என்று முதல்நாளே பார்த்துக்கொண்டு, போகிற வழியில் ஆளுக்கு இரண்டு வாங்குங்கள். காரம் எவ்வளவு என்று கேட்பார், முதல் தடவை கொஞ்சமாகவே சொல்லுங்கள். அங்கேயே நின்று தின்றுவிடுங்கள். காருக்குள் கொண்டுபோனால் சீட்டெல்லாம் சட்னி, பாராவும் ஆறிப்போய்விடும்.