கணக்கு வகுப்பில் போட்டி விளையாட்டு எதற்கு?

கேள்வி: வாய்ப்பாட்டைப் பழக வகுப்பில் போட்டி வைத்தால் உண்மையிலேயே பலன் உண்டா?

உண்டு. ஏற்கெனவே புரிந்த கணக்கை, யார் ஜெயிப்பது என்று ஆடிக்கொண்டே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதுதான் இது. புதுப் பாடம் நடத்த உதவாது.

விடையைப் பார்த்துப் படிப்பதைவிட, நினைவிலிருந்து இழுத்து எடுக்கும்போது அது நன்றாகப் பதிகிறது. கோத்தகிரியில் தேயிலை பறிக்கிறவர்களைப் பாருங்கள். இரண்டு இலை, ஒரு மொட்டு. வாய் பேசிக்கொண்டிருக்கும், விரல் சரியான இடத்தில் கிள்ளும். வாய்ப்பாடும் அப்படிக் கைவந்துவிட்டால், பெரிய கணக்கை யோசிக்க மனதில் இடம் கிடைக்கும்.

எனக்குப் பிடித்தது அட்டை ஆட்டம். 1 முதல் 10 வரை எண் எழுதிய அட்டைகளில் இரண்டு பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு எடுத்துப் பெருக்க வேண்டும். பெரிய விடை வந்தவருக்கு நான்கு அட்டையும். ஒருத்திக்கு 7, 8 என்று வைத்துக்கொள்வோம். எதிரே இருப்பவனுக்கு 9, 6. ஒன்பதைப் பார்த்ததும் அவன் கையை நீட்டுவான். "இரு, உனக்கு 54, எனக்கு 56!" என்பாள் அவள். ஆக, இருவரும் இரண்டு பெருக்கலையும் போட்டாக வேண்டும். அதிர்ஷ்டமும் கலந்திருப்பதால் பின்தங்கிய பிள்ளையும் ஜெயிக்கும். அது ரொம்ப முக்கியம். ஊட்டியில் மழை விடாத நாளுக்கு இதைவிட நல்ல ஆட்டம் எனக்குத் தெரியாது.

எல்லோரும் பார்க்கக் கரும்பலகைக்கு ஓடவிடும் போட்டி மட்டும் வேண்டாம். பயந்தால் தெரிந்த விடையும் வராது.

அப்புறம், வேகமாகச் சொல்கிற பிள்ளைதான் கணக்கில் கெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். 7 வரிசையில் எட்டெட்டுக் கேரட்டாக வரைந்து, நிதானமாக 56 என்று எண்ணிக் காட்டும் பிள்ளைக்கும் பெருக்கல் நன்றாகவே புரிந்திருக்கிறது.