வெர்மீரைக் குவாஷில் படியெடுக்கலாமா?

கேள்வி: உருவப்படம் தீட்டக் கற்றுக்கொள்வதற்காக, டச்சு ஓவியர் வெர்மீரின் ‘முத்துத் தோடணிந்த பெண்’ ஓவியத்தைக் குவாஷ் எனும் ஒளிபுகா நீர்வண்ணத்தில் படியெடுத்து வருகிறேன். கோட்டுருவம் சரியாகவே அமைகிறது; ஆனால் வண்ணம் காய்ந்ததும் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறிவிடுகிறது. திருத்தப் போனால் அடிப்பூச்சும் கரைந்து கலங்குகிறது. எளிய படம் ஒன்றுக்கு மாறிவிடலாமா?

பதில்: படம் அதுவே இருக்கட்டும், வண்ணம் கலக்கும் முறையை மட்டும் மாற்றுங்கள். 1665-ஆம் ஆண்டளவில் தீட்டப்பட்ட அந்த முகத்தின் வழுவழுப்பு, எண்ணெய் வண்ணம் மெதுவாகக் காய்வதால் கிடைத்தது. குவாஷோ நீரில் கரையும் பிசினால் ஆனது. காய்ந்த பின்னும் ஈரத் தூரிகை பட்டால் இளகிவிடும். எனவே நிழலையும் ஒளியையும் தாளின்மேல் குழைத்து இணைக்க முயலாமல், இடைப்பட்ட ஐந்தாறு சாயல்களைத் தட்டிலேயே கலந்து வைத்துக்கொண்டு, நீர் குறைந்த வண்ணத்தால், ஒரு முறை தொட்ட இடத்தை மறுபடி தேய்க்காமல், அடுத்தடுத்துச் சிறு கீற்றுகளாக இடுங்கள்.

முகம் வெளிறுவதற்கு, நிழற்சாயல்களிலும் வெள்ளையைச் சேர்ப்பதே பெரும்பாலும் காரணம். நிழலைச் சற்றே இளக்க வேண்டுமானால் மஞ்சட்காவியோ செங்காவியோ போதும். தவிர, குவாஷில் அடர்நிறங்கள் காய்ந்தால் வெளிறும், இளநிறங்கள் சற்றுக் கருக்கும். இரண்டுமாகச் சேர்ந்து ஒளி நிழல் வேறுபாட்டைக் குறைத்துவிடும். ஒவ்வொரு சாயலையும் துண்டுத் தாளில் தீற்றி, காய்ந்த பிறகே முடிவு செய்யுங்கள்.

கோட்டுருவம் சரியாக அமைகிறது என்கிறீர்கள். எனக்கு ஐயம் எழுவதே அங்கேதான். மூல ஓவியத்தில் மூக்குத்தண்டுக்கும் அதை அடுத்த ஒளிபட்ட கன்னத்துக்கும் இடையே கோடு கிடையாது. இரண்டும் ஒரே நிறத்தில் ஒன்றிவிடுகின்றன. மூக்கு அங்கே இருப்பதாக நம் கண்தான் நிரப்பிக்கொள்கிறது. பென்சில் கோட்டை அங்கே விட்டுவைத்தால் எவ்வளவு நுட்பமாக வண்ணம் கலந்தாலும் முகம் தட்டையாகவே நிற்கும். பின்னணி இன்று கருமையாகத் தெரிந்தாலும், முதலில் அங்கே பச்சைத் திரை இருந்ததை அவ்வோவியத்தை வைத்திருக்கும் மௌரிட்சவுஸ் அருங்காட்சியகத்தின் ஆய்வு 2020-இல் வெளிப்படுத்தியது. ஆகவே வெறும் கருப்பை அப்பாமல் அதில் சிறிது பச்சையைக் கலந்துகொள்ளலாம்.

முத்தைக் கடைசியில் வையுங்கள். மேலே ஓர் ஒளிப்பொட்டும், கீழே வெண்கழுத்துப்பட்டியின் மங்கிய பிரதிபலிப்பும்தான் அது. காதோடு பிணைக்கும் கொக்கிகூட அதற்கு இல்லை. அதைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டீர்களானால் கவலை வேண்டாம்: இதுவரை தொல்லை தந்த அதே கரையும் குணத்தால், ஈரத் தூரிகையாலேயே அதை ஒற்றி எடுத்துவிடலாம்.