கறிவேப்பிலைப் புழுவும் சில கேள்விகளும்

மொட்டைமாடியில் பத்துத் தொட்டி பெட்டூனியா, டேலியா, சாமந்தி. பட்டாம்பூச்சி வருகிறது, தங்குவதில்லை. ஏன்? (ஓசூர்)

தங்குவதற்கு அங்கே என்ன வைத்திருக்கிறீர்கள்? பூ தேனுக்கு மட்டும்தான். முட்டையிட உணவுச்செடி வேண்டும், அது இனத்துக்கு இனம் மாறும். நாலு தொட்டியைக் காலி செய்து கறிவேப்பிலை, எலுமிச்சை, ஆவாரை, கொடிவேலி வையுங்கள். முதல் இரண்டுக்கும் கறிவேப்பிலை அழகியும் எலுமிச்சை அழகியும் வரும், ஆவாரைக்குக் கொன்னை வெள்ளையன், கொடிவேலிக்குக் கோடு போட்ட சின்ன நீலன். தேனுக்கு வெட்சியும் தும்பையும் போதும். அடுக்கு இதழ்ப் பூக்களில் உறிஞ்சுகுழல் இறங்க வழி இருக்காது. தினம் ஐந்தாறு மணி நேரம் வெயில் விழ வேண்டும், காற்று நேராக அறையக் கூடாது.

தோட்டத்துக்குப் பட்டாம்பூச்சி வரவேண்டும் என்று ஆசை. ஆனால் கறிவேப்பிலையைப் புழு மொட்டையடிக்கிறது. ரசாயனம் தொடுவதில்லை, வேப்பெண்ணெய் மட்டும்தான் அடிக்கிறேன். வேறு இயற்கை மருந்து உண்டா? (திருச்சி)

இதே கடிதம் மாதாமாதம் வருகிறது, ஊர்ப் பெயர் மட்டும்தான் மாறுகிறது. அம்மா, நீங்கள் கொல்லும் புழுதான் நீங்கள் கேட்கும் பட்டாம்பூச்சி. சின்னதில் பறவை எச்சம் போல, வளர்ந்தபின் பச்சையாக, தொட்டால் தலைக்குப் பின்னால் சிவந்த கொம்பை நீட்டி நாறுமே, அதுதான் கறிவேப்பிலை அழகி.

வேப்பெண்ணெய் 'இயற்கை' என்பதால் புழுவுக்கு இதமாகிவிடாது. அதிலுள்ள அசாடிராக்டின் புழுவைத் தோலுரிக்க விடாது. புழு தீனியைக் குறைத்து, வளர முடியாமல் நாலைந்து நாளில் செத்து உதிரும். கண்ணெதிரே சாகாததால் 'ஒன்றும் ஆகவில்லை, விரட்டிவிட்டது' என்று நினைக்கிறீர்கள். ஐந்திலைக் கரைசலும் வேம்பு சேர்ந்தால் அதே வேலையைத்தான் செய்யும். பி.டி. (Bt) என்ற பாக்டீரியா மருந்து புழுவைக் கொல்வதற்கென்றே விற்பது.

சமையலுக்கும் இலை வேண்டும் என்றால் இரண்டு செடி வையுங்கள். ஒன்றுக்குக் கொசுவலை போர்த்துங்கள், குறிப்பாகத் துளிர் விடும்போது. தாய்ப்பூச்சி இளந்துளிரில்தான் முட்டையிடும். வலைக்குள் புழு தப்பியிருந்தால் அது உட்கார்ந்த இணுக்கோடு வெட்டி அடுத்த செடியில் சொருகுங்கள், தானே ஏறிக்கொள்ளும். விரலால் பிய்க்க வேண்டாம். மூன்றடிச் செடி நாலைந்து புழுவைத் தாங்கும். மொட்டையானாலும் மூன்று வாரத்தில் துளிர்க்கும். முட்டையிலிருந்து பூச்சி வரை மொத்தமே ஏறக்குறைய ஒரு மாதம்.

துளிர் சுருண்டு பிசுபிசுப்பாக இருந்தால் அது புழுவின் வேலை இல்லை, சைலிட் என்ற சாறுறிஞ்சும் சிறுபூச்சியின் வேலை. இலையடியில் முட்டை, சிறுபுழு இல்லை என்று பார்த்துவிட்டுத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். மருந்து வேண்டாம்.

ஈஸ்வரமூலிக் கொடி வைத்தேன். ஒரே வாரத்தில் தண்டு மட்டும்தான் மிச்சம். (பொள்ளாச்சி)

ஒற்றைக் கொடி வைத்தால் அப்படித்தான். சிவப்பு உடல் அழகிகள் தேடி வரும் கொடி அது. ஐந்தாறு கொடியைச் சேர்த்து நட்டு, மூன்றடி வளரும்வரை வலை போட்டு வைத்திருந்து பிறகு திறந்துவிடுங்கள். வேர் பிழைத்திருந்தால் பழைய கொடியும் துளிர்க்கும். 'மருந்துக்கும் ஆகும்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகாது. அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் வரவழைக்கும். புழுவுக்கு மட்டும் விட்டுவிடுங்கள்.

வீட்டில் எருக்கு வைக்கலாமா? (மதுரை)

தாராளமாக. வெந்தய வரியனுக்கு அதைவிட நல்ல செடி இல்லை. வெட்டும்போது கையுறை போடுங்கள், பால் கண்ணில் பட்டால் கருவிழி கெடும்.

கூட்டுப்புழுவில் குண்டூசித் தலை அளவு ஓட்டை. பட்டாம்பூச்சி போய்விட்டதா? (நாகர்கோவில்)

இல்லை, ஒட்டுண்ணிக் குளவி போயிருக்கிறது. பட்டாம்பூச்சி வந்திருந்தால் கூட்டின் தலைப்பக்கம் பிளந்து, மிச்சம் கண்ணாடித் தாளாக நிற்கும். குளவிக்கும் மருந்து கேட்காதீர்கள்.

பட்டாம்பூச்சி உப்பு உறிஞ்ச ஈரமண் தட்டு எப்படி வைப்பது? (ஈரோடு)

ஓரடி அகல மண்தட்டில் ஆற்றுமணலும் தோட்டமண்ணும் பாதிக்குப் பாதி, ஒரு சிட்டிகை கல்லுப்பு. சேறாக நனைத்து வெயிலில் வையுங்கள், தண்ணீர் தேங்கக் கூடாது. வருவது பெரும்பாலும் ஆண்பூச்சிகள், சோடியத்துக்காக. எறும்பு ஏறினால் தட்டைத் தண்ணீர்ப் பாத்திரத்தின் நடுவில் ஒரு கல்மேல் வையுங்கள். உப்பு கூடினால் பக்கத்துச் செடி கருகும். சிட்டிகை என்றால் சிட்டிகைதான்.

தமிழ் மறவனைச் சென்னை வீட்டுக்கு வரவழைக்க என்ன நட வேண்டும்?

வராது. 2019இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்ததால் அது தெருவுக்குத் தெரு வந்துவிடாது. அது மலைக்காட்டு இனம், புழு தின்பது நீரடிமுத்து இன மரங்களை.

உண்ணிச்செடியில் நிறைய பட்டாம்பூச்சி வருகிறதே, வளர்க்கலாமா? (கொடைக்கானல்)

கூடாது. மத்திய, தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் காடுகளை அடைத்துக்கொண்ட செடி. பிடுங்கிவிட்டு உள்ளூர்த் தேன்பூச்செடி நடுங்கள்.

நர்சரியில் வாங்கிய எலுமிச்சையில் புழுக்கள் கறுத்துச் சாகின்றன. (சேலம்)

நோயாகவும் இருக்கலாம், ஆனால் முதல் சந்தேகம் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லி. வேர் வழியே ஏறி இலைக்குள் மாதக்கணக்கில் நிற்கும், கழுவினால் போகாது. இனி வாங்குமுன் என்ன மருந்து ஊற்றினார்கள் என்று கேளுங்கள். இலையில் ஒரு கடிகூட இல்லாத பளபளச் செடியை விட்டுவிட்டு, நாலு ஓட்டை விழுந்த செடியை எடுங்கள்.

பச்சைப் புழு ஒன்று பார்த்தேன். என்ன இனம்?

எந்தச் செடியில் இருந்தது என்று எழுதவில்லை, படமும் இல்லை. இரண்டையும் அனுப்புங்கள். அதுவரை மருந்து அடிக்காதீர்கள்.